ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அந்தப் பையில கால் பட்டுராமப் பாத்துக்கம்மா. ஒடையுற சாமான் ஒண்ணும் இல்ல. உள்ள ஆளுக மூஞ்சி இருக்கு, அதான். ஏன் அப்படி முழிக்க? போட்டோதாம்மா. வட்ட வட்டமா வில்லை செஞ்சு அதுல ஒட்டின போட்டோ. நீ எது வரைக்கும் போற? கடையநல்லூரா? அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. நான் தென்காசியில எறங்கி குத்தாலம் போவணும். சன்னலோரம் நீயே இரு, எனக்குப் பிடிச்சுக்க இந்தக் கம்பி போதும்.

குளிக்கப் போவல. சீட்டு வெளயாடப் போறேன். சிரி, சிரி. அறுபத்தொரு வயசுல ஒருத்தி சீட்டு வெளயாட பஸ் ஏறினா சிரிக்கத்தான் செய்வாவ. நாங்க ஒன்பது பேரு. எல்லாம் நர்ஸு. திருநெல்வேலியில ஒரே ஹாஸ்டல்ல கெடந்து படிச்சவளுக. ஆளுக்கொரு ஊருன்னு வேலைக்குப் போயி, ரிட்டயரும் ஆயாச்சு. ஆனா வருசம் தவறாம சாரல் நேரத்துல குத்தாலத்துல ஒரு வீட்டப் பிடிச்சு ரெண்டு நாள் கூடிருவோம். ஒன்பது பேருன்னா சொன்னேன்? எட்டு. இந்த வருசம் எட்டு.

எப்சிபா செத்துப் போயிட்டா. சித்திரையில.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு மத்த ஏழு பேரு முன்னால நான் எந்திரிச்சு நின்னு அவளப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம். நான்தான் அவகூட வாராவாரம் போன்ல பேசினவளாம், அதனால நான்தான் பேசணுமாம். என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல. அதான் ஒன்ட்டச் சொல்லிப் பாக்கேன். நீ கடையநல்லூர்ல எறங்கிருவ. ஒன் பேரு எனக்குத் தெரியாது, ஏம் பேரு உலகம்மாள்னு தெரிஞ்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற?

மொதல்ல இந்த வில்லைய எடுத்துக் காட்டுதேன். இன்னா, இதான். கனமா இருக்கா? சிங்கப்பூர்ல கோமு மவ இருக்கா. கோமுன்னா கோமதி, எங்க செட்டு. அந்தப் பிள்ள ஒரு லீவுக்கு வந்தப்ப ஒரு பெட்டி நெறைய இத வாங்கிட்டு வந்தா. போக்கர்னு ஒரு ஆட்டமாம், அதுக்கு வச்சு ஆடுற காயாம். அதுக்கு முந்தி நாங்க ரம்மிதான். ஹாஸ்டல்ல புளியங்கொட்டைய வச்சு ஆடுவோம். அந்தப் பிள்ள எங்களுக்குப் போக்கர் சொல்லிக் குடுத்தா. கையில ஒண்ணுமே இல்லாட்டாலும் எல்லாம் இருக்குற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். எனக்கு நல்லா வந்துச்சு. எப்சிபாவுக்கு வரவே வராது. பொய் சொல்லப் போனா அவளுக்குக் காது செவந்துரும். எட்டு பேரும் அவ சீட்டப் பாக்க மாட்டோம், காதத்தான் பாப்போம்.

எங்களுக்கு இது சிப்பும் இல்ல, காயும் இல்ல. மாத்திரை. பாத்தா அப்படித்தான இருக்கு? காய்ச்சலுக்குக் குடுக்குற பெரிய மாத்திரை மாதிரி. "ஏட்டி, எனக்கு நாலு மாத்திரை குடு", "நான் இன்னும் ரெண்டு மாத்திரை போடுதேன்"னு கத்திக்கிட்டு இருப்போம். ஒரு வருசம் பக்கத்து வீட்டுல தங்கியிருந்த மனுசன் பயந்து போயி வாட்ச்மேனக் கூட்டிட்டு வந்துட்டாரு. வயசான பொம்பளைக கூட்டமா இருந்து மாத்திரை போடுதாவ, என்னன்னு பாருன்னு.

அதுல மூஞ்சி ஒட்டுறது எப்சிபா யோசனை. சிவகாசியில ஒரு பிரஸ்காரரப் பிடிச்சா. வருசத்துக்கு ஒரு கலரு. நடுவுல அவவ மூஞ்சி, சுத்தி "சாரல்"னு போட்டு வருசம். அந்த வருசம் வந்தவளுக்கு அந்த வருசத்து மாத்திரை. எங்கிட்ட ஏழெட்டு வருசத்துது கெடக்கு. வரிசையா வச்சா நமக்கு நரைக்கிறது நமக்கே தெரியும்.

இதுக்குள்ள ஒரு சட்டம் இருக்கும்மா, அதத்தான் நீ முக்கியமாக் கேக்கணும். எங்கள்ல பொன்னுத்தாய்னு ஒருத்தி. புருசன் போயிச் சேந்தாச்சு, பிள்ளைக வெளிநாடு. ஒரு தடவை குளிக்கப் போன எடத்துல வழுக்கி விழுந்து ஒண்ணரை நாள் தரையிலேயே கெடந்தா. காஸ் போட வந்த ஆளு கதவ ஒடச்சுப் பாத்திருக்கான். பொழச்சுக்கிட்டா. அடுத்த சாரலுக்கு நடைக்கம்போட வந்தா. அன்னைக்கு எப்சிபா சொன்னா, நம்மள்ல முக்கால்வாசிப் பேரு தனியாத்தான் கெடக்கோம், இதுக்கு ஒரு வழி செய்யணும்னு.

வழி இதான். கடைசி ஆட்டத்துல அவவ மூஞ்சி போட்ட மாத்திரைய அவவ வச்சு ஆடணும். ஆட்டம் முடியும்போது ஒருத்தி கையில இன்னொருத்தி மூஞ்சி இருக்கும். ஏம் மூஞ்சி ஒன் கையில இருந்தா, அடுத்த சாரல் வரைக்கும் நீ எனக்கு வாரம் ஒரு தடவை போன் போடணும். ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. எடுக்கலன்னா பக்கத்து வீட்டுக்குப் போடணும். பக்கத்து வீட்டு நம்பரெல்லாம் எழுதி ஆளுக்கொரு தாளு குடுத்தா. இதுக்குப் பேரு டோஸ். "இந்த வாரம் டோஸ் போட்டாச்சா"ன்னுதான் கேட்டுக்குவோம். நல்ல சட்டந்தான. நான் குறை சொல்லல.

சண்டை வந்தது போன சாரல்ல. வெள்ளி விழா வருசம். வெள்ளி விழான்னு எப்சிபா மாத்திரைய வெள்ளிக் கலர்ல அடிச்சுட்டு வந்தா. எப்பவும் கூப்புடுற பேருதான் இருக்கும், எனக்கு "உலகு"ன்னு. இந்தத் தடவை பத்திரிக்கையில போடுற மாதிரி முழுப் பேரும் இனிஷியலும் போட்டிருந்தா. ஒவ்வொருத்தி கையிலயா வச்சா. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்காளுக, போட்டோவக் காட்டிக்கிடுதாளுக. நான் ஏங் கையில இருந்ததப் பாக்கேன். "சு. உலகம்மாள்."

சு.

இப்படிப் பாக்காதம்மா. ஒனக்கு ஒரு எழுத்துன்னுதான் தோணும். சு-ன்னா சுடலைமுத்து. ஏம் புருசன். மஸ்கட்டுக்குப் போறேன்னு போனாரு, நாலு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தாரு, வந்தவரு என் வீட்டுக்கு வரல. தூத்துக்குடியில இன்னொருத்திகூட வீடெடுத்து இருந்தாரு. இப்பவும் இருக்காரு. நான் என்ன செஞ்சேன், ரேஷன் கார்டு, ஆதார், பென்சன் புஸ்தகம், எல்லாத்துலயும் அந்த எழுத்த எடுத்துட்டு எங்கப்பா எழுத்தப் போட்டேன். பி. பிச்சையா. ஒவ்வொரு ஆபீஸா அலைஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அப்படி எடுத்துப் போட்ட எழுத்தக் கொண்டாந்து எந்தலையில, வெள்ளிக் கலர்ல, ஒட்டி வச்சிருக்கா.

அவளுக்கு எப்படித் தெரியும்னா கேக்க? நான் யாருக்கும் சொல்லலதான். மஸ்கட்ல இருக்காவன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். லீவு கெடைக்கல, கம்பெனியில விட மாட்டேங்கான், அப்படி இப்படின்னு இருவது வருசம். அது வேற. மத்த ஏழு பேரும் தெரியாம இருக்கலாம். எப்சிபா தெரியாம இருக்கலாமா? மூணு வருசம் ஒரே ரூமு. ஒரே வாளித் தண்ணியில முடி அலசினவ. ஏம் மூஞ்சியப் பாத்தே அவ தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்லா? சொன்னாத்தான் தெரியும்னா அப்ப மத்தவளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

நான் கேட்டேன். எல்லார் முன்னாலயுந்தான் கேட்டேன், ஒளிச்சு மறச்சு இல்ல. "இந்த எழுத்தப் போடச் சொல்லி ஒன்ட்ட யாரு சொன்னா?"

"ஏன் உலகு, பழைய லிஸ்ட்ல அப்படித்தான இருந்துச்சு"ன்னா.

அப்பத்தான் நான் ஒரு வார்த்தை சொன்னேன். பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல. "புருசன்னு ஒருத்தனோட வாழ்ந்திருந்தா ஒனக்கு இனிஷியலப் பத்தித் தெரியும். ஒத்தையிலேயே கெடந்தவளுக்கு என்ன தெரியும்"னேன். அவ கல்யாணம் பண்ணிக்கிடலம்மா. தம்பி தங்கச்சிகளப் படிக்க வச்சு, அம்மாவக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்து, அப்படியே போயிருச்சு. நான் சொன்னது உள்ளதுதான? இல்லாதத ஒண்ணும் சொல்லலயே.

அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே, "தூத்தல் விழுது, மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வாரேன்"னு போனா. அன்னைக்கு மாடியில யாரு துணியும் காயல.

மறுநாள் கடைசி ஆட்டம். எங்கெங்கயோ சுத்தி எப்சிபா மூஞ்சி ஏங் கையில வந்து நிக்கி. நான் உடனே, யாராவது மாத்திக்கோங்க, எனக்கு வேண்டாம்னேன். மாத்தக் கூடாது, சட்டம்னு கோமு சொல்லுதா. எப்சிபாதான் சொன்னா, "பரவால்ல, உலகுட்டயே இருக்கட்டும்"னு. அதென்ன "பரவால்ல"? எனக்கு அதுவும் சுருக்குன்னுச்சு. ஏம் மூஞ்சி ஜமீலா கையில போச்சு. ஜமீலா கடையநல்லூர்க்காரி, ஒங்க ஊருதான். பெரிய தெருவுல நர்ஸம்மா வீடுன்னா தெரியுமாமே, ஒனக்குத் தெரியுமா? தெரியாதா? அதுவும் நல்லதுதான்.

நான் யார்மேலயும் எதையும் மனசுல வச்சுக்கிடறவ இல்லம்மா. எண்பத்திரெண்டுல எங் கொடைய எடுத்துட்டுப் போயி ரெண்டு கம்பிய ஒடச்சுக் கொண்டாந்து வச்சா. கறுப்புக் கொட, மரப்பிடி. ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? எண்பத்து மூணுல எனக்கு வச்சிருந்த அவிச்ச முட்டைய மேட்ரனுக்குக் குடுத்துட்டா. கேட்டேனா? அதெல்லாம் ஏன் ஞாபகம் இருக்குன்னா, ஞாபகசக்தி. அவ்வளவுதான்.

மொத ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நாலு மணி ஆச்சு. போனக் கையில எடுத்தேன். எடுத்தப்பதான் தோணுச்சு, தப்புச் செஞ்சவ அவ, நானா கூப்பிடணும்? மொதல்ல அவ ஒரு போனப் போட்டு, "உலகு, தெரியாமப் போட்டுட்டேன்"னு சொல்லட்டும், பொறவு நான் டோஸ் போடுதேன். ரெண்டாவது வாரமும் அப்படியே. மூணாவது வாரம் போனத் தள்ளி வச்சுட்டேன். பொறவு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மாவாட்டுறதுன்னு வச்சுக்கிட்டேன். கிரைண்டர் சத்தத்துல எதுவும் கேக்காது.

நாலே காலுக்குக் கிரைண்டர நிறுத்திருவேன், அப்ப ஜமீலா எனக்குப் போடுவா. அவ டோஸ் தவற மாட்டா. பேசி முடிக்கிறப்ப, "எப்சிபாவுக்குப் போட்டுட்டியாட்டி"ம்பா. "ம்"ம்பேன். அது பொய்யா? ம்-னுதான சொன்னேன்.

ஐப்பசி வாக்குல ஜமீலா திடீர்னு, "எப்சிபா முட்டி வலிக்கு வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னியாமே, நானும் குடிக்கேன், நல்லாத்தான் இருக்கு"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் அவகூடப் பேசி மூணு மாசம் ஆச்சு. உடனே புரிஞ்சு போச்சு, நான் பேசலன்னு இவ யார்ட்டயும் சொல்லல, பேசுதேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதா. ஏன் சொல்லணும்? செஞ்ச தப்பு உறுத்துது, அதான்னு நெனச்சேன். நல்லா உறுத்தட்டும்னும் நெனச்சேன். அப்ப அப்படித்தாம்மா நெனச்சேன்.

சிவகிரி தாண்டிட்டா? தண்ணி வச்சிருக்கியா? குடு, ஒரு மடக்கு குடிச்சுக்கிடுதேன்.

சித்திரையில ஒரு திங்கக்கிழமை. காலையில எட்டு மணி இருக்கும். ஜமீலா போன் போடுதா. திங்கக்கிழமை அவ போட மாட்டாளேன்னு எடுத்தா, அழுதா. எப்சிபா வீட்டு முன்னால பால் பாக்கெட்டு அப்படியே கெடந்திருக்கு. பக்கத்து வீட்டு டீச்சர் தட்டிப் பாத்துட்டு, ஆளக் கூப்பிட்டுக் கதவத் தெறந்திருக்காங்க. ஹால்ல, பீரோவுக்குப் பக்கத்துல கெடந்தாளாம். டாக்டர் வந்து பக்கவாதம்னு எழுதிக் குடுத்துட்டாரு.

நான் பதினோரு மணிக்குப் பாளையங்கோட்டை போயிட்டேன். நாங்கதாம்மா குளிப்பாட்டினோம். நான், ஜமீலா, கோமு. நர்ஸுக மூணு பேரு இருக்கும்போது வேற யாரு செய்வா? எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கோம். நான் சேலைய அவுக்கப் போறேன், அப்பத்தான் பாக்கேன். வெள்ளையில ஊதாக் கரை. அது அவ சர்ச்சுக்குக் கட்டுற சேலை. அவ சர்ச்சு முடிஞ்சு பதினொன்னரைக்கு வீட்டுக்கு வந்தா வாசல்ல செருப்பக் கழட்டின கையோட சேலைய மாத்திருவா. அழுக்காயிரும்னு. நாலா மடிச்சு மெத்தைக்கு அடியில வைப்பா. மூணு வருசம் ஒரே ரூம்ல பாத்தவ நான். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஜமீலாவுக்கும் தெரியாது, கோமுவுக்கும் தெரியாது.

அப்ப அவ விழுந்தது மத்தியானத்துக்கு முந்தி.

இடது இடுப்புல, தோள்ல, ஒரு தடம் இருந்துச்சு. செத்த பொறவு வார தடம் வேற, உசுரோட ஒரே பக்கமா ரொம்ப நேரம் கெடந்தா வார தடம் வேற. முப்பத்தேழு வருசம் வார்டுல நின்னவளுக்கு அது தெரியும். மூணு பேருக்குமே தெரியும். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. துணிய நனைச்சுத் தொடச்சோம்.

நாலு மணிக்கு நான் போன் போட்டிருந்தா அவ எடுத்திருக்க மாட்டா. எடுக்கலன்னா டீச்சருக்குப் போட்டிருப்பேன். டீச்சர் நாலு அஞ்சுக்குக் கதவத் தட்டியிருப்பாங்க. பெரியாஸ்பத்திரி அஞ்சு நிமிசத்துல. நான் அந்த நேரம் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? மாவாட்டிக்கிட்டிருந்தேன். ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா வாராவாரம் மாவு?

ஜமீலா மெதுவாக் கேட்டா, "உலகு, நேத்து..."ன்னு. நான் வாயத் தெறக்கதுக்குள்ள கோமு முந்திக்கிட்டா. "அவட்ட என்ன கேள்வி? அவ என்னைக்காவது தவறியிருக்காளா? நாலு மணிக்குப் பேசியிருப்பா. பேசி வச்ச பொறவுதான் இவ விழுந்திருப்பா"ன்னா. நான் ஆமான்னு தலையாட்டல. ஆட்டலயே தவிர, இல்லன்னும் சொல்லல. எப்சிபா காலத் தொடச்சுக்கிட்டே இருந்தேன். பித்தவெடிப்பு, ரெண்டு காலுலயும். யாரும் பாத்து ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க போலிருக்கு.

அன்னைலருந்து ஒரே பாராட்டு. அடக்கத்துக்கு வந்தவ எல்லாம் ஏங் கையப் பிடிச்சுக்கிடுதா. "நீங்கதான் உலகம்மா அக்காவா? ஞாயித்துக்கிழமைன்னா நாலு மணிக்கு உலகு போன் வரும்னு எங்களயெல்லாம் வெளிய போகச் சொல்லிருவாவ"ன்னு டீச்சர் சொல்லுதாங்க. வெளிய போகச் சொல்லிட்டு உள்ள என்ன செஞ்சுக்கிட்டு இருந்திருப்பா? போனப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாளா?

ஜமீலா சொல்லுதா, "எப்சிபாவுக்குப் பொய்யே வராதுல்லட்டி, அதான் அவ சொன்னதெல்லாம் எங்களுக்கு அப்படியே மனசுல நிக்கி"ன்னு. போன்ல காது தெரியாதுலம்மா.

பொறவு நான் ஒரு கிறுக்குத்தனம் செய்ய ஆரம்பிச்சேன். ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு, பேச்சோட பேச்சா, நான் என்ன சொன்னேன்னு எப்சிபா சொன்னான்னு கேக்க ஆரம்பிச்சேன். வெக்கமா இருக்கு சொல்ல. பொன்னுத்தாய் சொன்னா, ஒருநாள் நான் ஒரு மணி நேரம் நம்ம ஹாஸ்டல் வார்டன் மாதிரியே பேசிக் காட்டினேனாம், எப்சிபாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சாம். தீவாளிக்கு நான் அதிரசம் பாகு பதம் தப்பிப் போயி அழுதேனாம், அவதான் போன்லயே வழி சொன்னாளாம். பிரசர் மாத்திரை போட்டியா போட்டியான்னு நான் வாராவாரம் அவ உசுர வாங்கினேனாம். "உலகு மட்டும் கேக்கலன்னா நான் போடவே மாட்டேன்"னு சொன்னாளாம். நான் கேக்கலயே. அப்ப அவ போட்டாளா, போடலயா? அதக் கேக்க ஆளு இல்லாமத்தான இருந்திருக்கு?

அவ சொன்ன உலகம்மா நல்லவளா இருக்காம்மா. எனக்கே அவகூடப் பேசணும் போலிருக்கு.

வைகாசியில ஜமீலா என் வீட்டுக்கு வந்தா. வந்த எடத்துல அந்த இனிஷியல் பேச்சு வந்துச்சு. நான் விடல, "என்னதான் இருந்தாலும் அவ அந்த எழுத்தப் போட்டது தப்புதான"ன்னேன். செத்தவளப் பத்தித்தான் சொல்லுதேன், பாத்துக்க. அப்பத்தான் ஜமீலா சொல்லுதா, "எங்க எல்லாருக்கும் தெரியும்ட்டி. இருவது வருசமாத் தெரியும். ஒன் வீட்டுக்காரரையும் அந்தப் பொம்பளையையும் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல கோமு கண்ணால பாத்தா. அவளா வாயத் தெறந்து சொல்ற வரைக்கும் எவளும் கேக்கக் கூடாதுன்னு எப்சிபாதான் எங்கட்டச் சத்தியம் வாங்கினா. மாத்திரை அடிக்கப் போனப்பவும் நான் கூடப் போயிருந்தேன். உலகு இப்ப பி-ன்னு மாத்திக்கிட்டாளாமே, பி-ன்னு போடுன்னு நான் சொன்னேன். 'வேண்டாம் ஜமீலா, சு-ன்னே இருக்கட்டும். பி-ன்னு போட்டா நமக்கெல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போகும். கூசிப் போயிருவா'ன்னு சொல்லிட்டா."

ஜமீலாவுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். சீனி போட்டேனா போடலயான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவ குடிச்சுட்டுப் போயிட்டா.

இந்த வருசத்து மாத்திரைய நான்தான் அடிச்சுட்டு வாரேன். ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து சிவகாசி பக்கமாம், ஏந்தலையில கட்டிட்டாளுக. எப்சிபா மூஞ்சியும் போடணும்னாளுக. பிரஸ்காரரு "தோற்றம், மறைவு ரெண்டு தேதியும் போட்டுருவமா, கீழ 'நினைவில் வாழும்'னு ஒரு லைன் விட்டுருவமா"ங்காரு. அதெல்லாம் வேண்டாம், மத்தவளுக்கு எப்படியோ அப்படியே போடுங்கன்னுட்டேன். அவளையும் வச்சு ஆடணும்னு கோமு சொல்லுதா. அவ மூஞ்சி யார் கைக்கு வருதோ அவ யாருக்குப் போன் போடுவாளாம்? ஒருத்தியும் யோசிக்கல.

இன்னா புளியங்குடி வந்துட்டு. எலுமிச்சம்பழ மூட்டை ஏத்துதான் பாரு, இனி கொஞ்சம் லேட்டாத்தான் எடுப்பான். கேட்டுரு, மிச்சத்தையும் கேட்டுரு.

பேசணுங்கிறதுக்காக எனக்கு நேத்து வரைக்கும் பயம் இல்லம்மா. எந்திரிச்சு நின்னு, நல்லவ, தங்கமானவ, போயிட்டான்னு சொல்லிட்டு ஒக்காந்துருவோம்னுதான் இருந்தேன். நேத்துச் சாயங்காலம் கோமு போன் போட்டா. "ஏட்டி உலகு, நாளைக்குப் பேசுறப்ப அந்தக் கிறிஸ்துமஸ் அன்னைக்கு நடந்தத மறக்காமச் சொல்லிரு, எல்லாரும் கேக்கட்டும்"னா.

என்ன நடந்ததுன்னேன்.

"என்ட்டயே நடிக்கியாக்கும்? எப்சிபா அன்னைக்கே என்னக் கூப்பிட்டுச் சொல்லிட்டா. அவளுக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. இனிஷியலுக்காக எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லிட்டேனேன்னு நீ போன் போட்டு மன்னிப்புக் கேட்டியாமே. கொஞ்ச நேரந்தான் பேசினியாம், அழுகை வந்து வச்சுட்டியாம். 'நான் திருப்பிப் போட்டேன், அழுதுகிட்டு இருக்கா போலிருக்கு, எடுக்கல'ன்னா. 'மன்னிப்பாவது மண்ணாவது, எனக்கு மனசுல ஒண்ணுமே இல்ல கோமு, அவளுந்தான் என்ன செய்வா பாவம்'னா. இத நீ சொன்னாத்தாம்ட்டி நல்லாருக்கும். அன்னைக்கு நீ பேசினத எல்லாரும் கேட்டோம்ல, இதையும் கேக்கணும்ல"ங்கா.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு நான் அவ நம்பரப் போட்டது நெசந்தாம்மா. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை கூட இல்ல. என்னமோ தோணுச்சு, போட்டேன். ரெண்டு ரிங்கு போச்சு. பயமா இருந்துச்சு, வச்சுட்டேன். உடனே அவ திருப்பிப் போட்டா. பேரு எரியுது, எப்சிபா எப்சிபான்னு. நான் எடுக்கல. திரும்பப் போட்டா. எடுக்கல. மூணாவது தடவை ரொம்ப நேரம் அடிச்சுச்சு. தலகாணிய எடுத்து அதுமேல வச்சுட்டு, அது நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்.

அந்த ரெண்டு ரிங்கத்தான் அவ அப்படி எடுத்துக்கிட்டிருக்கா. அதையே போதும்னு வச்சுக்கிட்டிருக்கா. பேசினதா ஆயிரம் பொய்யச் சொன்னவ, அத ஒண்ண மட்டும் பொய்யின்னு நெனச்சுச் சொல்லியிருக்க மாட்டா.

ஏழு பேரும் என்னைய மன்னிப்புக் கேட்டவன்னு நெனச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்காளுக. நான் எந்திரிச்சு நிக்கணும். என்னன்னு சொல்ல, நீ சொல்லு. ஆமா கேட்டேன்னு சொன்னா அவ சொன்னது உண்மையாயிரும். இல்லன்னு சொன்னா ஒரு வருசமா எனக்காக அவ சொன்னதெல்லாம் பொய்யாயிரும்.

எறங்கும்மா, கண்டக்டர் கடையநல்லூர் கடையநல்லூர்னு கத்துதாரு. பைய எறங்கு, படி ஒசரம். நான் அழல, காத்து.

எப்சிபா பதில் சொல்லிட்டுப் போயிட்டா. நான் இன்னும் மன்னிப்புக் கேக்கவே இல்லம்மா.